தேம்ஸ் கிளிப்பர்ஸ் படகு: கிரீனிச்சில் இறங்கிவிடாதீர்கள்

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் படகுத்துறையில் இரண்டு வகைப் படகுகள் நிற்கும். ஒன்று, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டே போகும் சுற்றுலாப் படகு. மற்றது, வேலைக்குப் போகிறவர்களும் ஏறும் தேம்ஸ் கிளிப்பர்ஸ். இதில் விளக்கம் கிடையாது. ஆனாலும் தேம்ஸ் நதியைப் புரிந்துகொள்ள இதுதான் சிறந்தது, கிரீனிச்சைத் தாண்டிக் கிழக்கே ஊல்விச் வரை போனால்.

ஏற வேண்டியது ஆர்பி1 தடம். அதிலும் சில படகுகள் பாதியிலேயே திரும்பிவிடும்; பலகையில் ஊல்விச் அல்லது பார்க்கிங் (Barking) ரிவர்சைடு என்று இருப்பதைப் பார்த்து ஏறுங்கள். லண்டன் பயணத்துக்கான ஆய்ஸ்டர் அட்டையோ தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையோ போதும், ஆளுக்கு ஒன்று வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கருவியில் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் உச்சக் கட்டணம் பிடித்துவிடும். பேருந்து, ரயிலுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் பிடிப்பார்கள் என்ற உச்சவரம்பில் இந்தச் செலவு சேராது. டிராவல்கார்டு என்ற பேருந்து, ரயில் பயணச்சீட்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.

கூடுமானவரை பின்பக்கத் திறந்த தளத்தில் இடம் பிடியுங்கள். உள்ளே கண்ணாடியில் நீர்த்துளி படிந்து காட்சி மங்கும். கிளம்பியதும் இடப்பக்கம் தெரியும் நீண்ட கருங்கல் சுவர் விக்டோரியா எம்பாங்க்மென்ட், பொறியாளர் பசால்ஜெட் கட்டி 1870-இல் திறக்கப்பட்டது. உள்ளே கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. நதியைக் குறுக்கி மீட்ட நிலம் அது. லண்டன் பாலத்தருகே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 7 மீட்டர் வரை மாறும். அதனால் கடல் ஏற்ற வற்ற நேர அட்டவணையைப் பார்த்து, நீர் நன்றாக வற்றிய நேரத்தில் போங்கள். சரளைக் கரையும் பழைய மரத்தூண்களும் அப்போதுதான் வெளியே வரும்.

டவர் பாலம் தாண்டி வாப்பிங் பக்கம் படகு வேகமெடுக்கும். அடுத்து ஐல் ஆஃப் டாக்ஸ் என்ற தீபகற்பத்தைச் சுற்றி நதி பெரிய வளைவாகத் திரும்புகிறது. கிரீனிச்சில் பெரும்பாலோர் இறங்கிவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

ஏனென்றால் கடல்வெள்ளத்தைத் தடுக்க நதியின் குறுக்கே கட்டிய தேம்ஸ் தடுப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. 1953 வடகடல் வெள்ளத்தின் பாடத்தில் பிறந்து 1984-இல் முறைப்படி திறக்கப்பட்டது. அகலம் 520 மீட்டர், கதவுகள் 10. நடுவிலுள்ள நான்கு வழிகள் ஒவ்வொன்றும் 61 மீட்டர். அங்குள்ள ஒரு கதவின் எடை மட்டும் சுமார் 3,300 டன். சாதாரண நாளில் அந்தக் கதவு நதிப்படுகையின் கான்கிரீட் பள்ளத்தில் படுத்திருக்கும், படகு அதன் மேல்தான் போகும். புயலால் கடல் பொங்கினால் சுழன்று எழுந்து நிற்கும். மழைவெள்ளத்துக்கும் இது உதவும்: நீர் வற்றிய நேரத்தில் மூடிவிட்டால், நதியின் மேற்பகுதியிலிருந்து வரும் வெள்ளம் தங்க உள்ளே இடம் கிடைக்கும்.

சோதனைக்காக மூடியிருக்கும் நேரத்தில் படகு தடுப்பைக் கடக்க முடியாது. தேதிகளை முன்பே அறிவிப்பார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வார இறுதியில் வெஸ்ட்மின்ஸ்டரில் படகு நிரம்பி, வரிசையில் நிற்பவர்கள் அடுத்ததற்குக் காத்திருக்க நேரும். காலையிலேயே போய்விடுவது நல்லது. திரும்ப ஊல்விச்சில் எலிசபெத் ரயில் தடம் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, படகைவிட மிக வேகம்.