ஆஸ்பெரிக் கண் லென்ஸ்: கூடுதல் காசுக்குத் தகுமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, எங்கே கண்புரைக்குப் போனாலும் ஆபரேஷனுக்கு முன்னால், புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு ஒரு விலைப்பட்டியலை நீட்டுவார்கள். அடியில் மடங்காத கடின லென்ஸ், அதற்கு மேல் சாதாரண மடக்கு லென்ஸ், அதற்கு மேல் ஆஸ்பெரிக், பிறகு சிலிண்டர் பவரையும் திருத்தும் டோரிக், உச்சியில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துக் குவிக்கும் மல்டிஃபோக்கல். நடுவில் இருக்கும் ஆஸ்பெரிக்கைத்தான் பலரும் என்னவென்று கேட்காமலே வாங்குகிறார்கள், கேட்காமலே வேண்டாமென்றும் சொல்கிறார்கள்.

அது செய்யும் வேலை இதுதான். கருவிழியின் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலம்) ஓரம் வழியாக நுழையும் ஒளி, நடுவில் நுழையும் ஒளியைவிடக் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடுகிறது. இதைக் கோளப் பிறழ்ச்சி என்கிறோம். கண்மணி (அதற்குப் பின்னால் ஒளி நுழையும் துளை) 6 மி.மீ. விரிந்திருக்கும்போது சராசரிக் கருவிழியில் இது +0.27 மைக்ரான். இளவயதில் இயற்கை லென்ஸில் இதற்கு நேரெதிரான பிழை இருப்பதால் இரண்டும் பெருமளவு கழிந்துவிடும். வயது ஏற ஏற அந்தக் கழிவு போய்விடுகிறது. புரையை எடுத்துவிட்டுப் பழைய கோள வளைவு லென்ஸை வைத்தால், அது தன் பங்குக்குப் பிழையைக் கூட்டும். ஆஸ்பெரிக் லென்ஸின் வளைவு ஓரத்தை நோக்கிப் போகப் போகத் தட்டையாகும். அதனால் அது கூட்டாது, வகையைப் பொறுத்துக் கழிக்கவும் செய்யும்.

ஆஸ்பெரிக் பிராண்டுகளில் டெக்னிஸ் −0.27 மைக்ரான் கழிக்கிறது, அதாவது சராசரிக் கருவிழியின் பிழையை முழுதாக. ஆக்ரிசாஃப் ஐக்யூ −0.20 அளவில் நிறுத்தி, கொஞ்சம் மிச்சம் விடுகிறது. என்விஸ்டா, அக்ரியாஸ் ஏஓ இரண்டும் கழிப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. முழுதாகக் கழிப்பதுதான் உசத்தி என்று விற்பனைப் பேச்சில் சொல்வார்கள். அப்படி இல்லை. மிச்சமிருக்கும் சிறு பிழை குவியத்தின் ஆழத்தை, அதாவது தெளிவாகத் தெரியும் தூரத்தின் நீட்சியை, கொஞ்சம் கூட்டித் தரும். முழுக் கழிவில் தூரப் பார்வை கூர்மையாகும், ஆனால் இடைத்தூரத்தில் இருந்த சலுகை குறையும். தவிர, +0.27 என்பது சராசரி. உங்கள் கருவிழியில் அது சுழியாகவும் (0) இருக்கலாம், 0.4ஐத் தாண்டியும் இருக்கலாம். கருவிழியின் வளைவைப் படமாக்கும் டோபோகிராஃபி எடுக்காமல் யாரும் சொல்ல முடியாது.

பலன் யாருக்கு? கண்மணி விரிகிறவர்களுக்கு. 3 மி.மீ. கண்மணியில் ஆஸ்பெரிக்குக்கும் சாதாரண லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பகல் வெயிலில் வரப்பில் நிற்கும் எழுபது வயதுக்காரரின் கண்மணி அதற்கும் கீழேதான் இருக்கும். அவர் இதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. கும்பகோணம் சாலையில் ராத்திரி எதிர்லாரியின் வெளிச்சத்தில் வண்டி ஓட்டும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கும், நாகப்பட்டினத்திலிருந்து இருட்டில் கடலுக்குப் போகிறவருக்கும் இது நிஜமாகவே தெரியும் வித்தியாசம். சாம்பல் பின்னணியில் சாம்பல் உருவம் பிரிந்து தெரிவது, அதாவது கான்ட்ராஸ்ட், அங்கேதான் கூடும். கண் டெஸ்ட் பலகையின் கடைசி வரியில் இது தெரியாது.

இன்னொரு நிபந்தனை, இயற்கை லென்ஸ் இருந்த மெல்லிய பையின் நடுவில் புது லென்ஸ் உட்கார வேண்டும். −0.27 வகை லென்ஸ் சுமார் 0.4 மி.மீ.க்கு மேல் விலகினாலோ, 7 பாகைக்கு மேல் சாய்ந்தாலோ, கோள லென்ஸைவிடப் பெற்ற லாபம் கரைந்துவிடும். போதாக்குறைக்குக் கோமா என்ற வால்நட்சத்திரப் பிழையும் சேரும். பை கிழிந்து, லென்ஸ் பைக்கு வெளியே வைக்க வேண்டி வந்தால் கழிக்கவும் கூட்டவும் செய்யாத சுழி வகைதான் நல்லது. கிட்டப்பார்வைக்கு லாசிக் (லேசரால் கருவிழியைச் செதுக்குவது) செய்தவர்களின் கருவிழியில் பிழை + பக்கம் கூடியிருக்கும், அவர்களுக்குக் கழிக்கும் லென்ஸ் பொருந்தும். கூம்புக் கருவிழியிலும், தூரப்பார்வைக்கு லாசிக் செய்ததிலும் பிழை ஏற்கெனவே − பக்கம் இருக்கும். அங்கே இந்த விலை உயர்ந்த லென்ஸ் கெடுதலே செய்யும்.

இவ்வளவும் ஒரு பக்கம். பயோமெட்ரி, அதாவது லென்ஸ் பவரைக் கணக்கிடக் கண்ணை அளப்பது, தப்பினால் எல்லாம் வீண். கண்ணின் நீளத்தை 1 மி.மீ. தப்பாக அளந்தால் பவர் ஏறக்குறைய 2.5 டயாப்டர் (பவரின் அலகு) தப்பும். ஒலியலையால் கண்ணில் தொட்டு அளக்கும் ஏ-ஸ்கேனில் கை கொஞ்சம் அழுத்தினாலே கருவிழி அமுங்கி 0.2 மி.மீ. குறைவாகக் காட்டும். கண் குட்டை என்று கருதி அதிகப் பவர் லென்ஸ் வைத்துவிடுவார்கள், ஆபரேஷனுக்குப் பின் அரை டயாப்டர் கிட்டப்பார்வை மிஞ்சும். அந்த அரை டயாப்டர் மங்கலில், ஆஸ்பெரிக்குக்குக் கொடுத்த காசின் பலன் முழுதும் மூழ்கிப்போகும். தொடாமல் ஒளியால் அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பக்கத்தில் நெல் அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டுப் புரை வெள்ளையாய் முற்றியபின் வருகிறவர்கள் நிறைய. முற்றிய புரைக்குள் ஒளி நுழையாது, அப்போது தண்ணீர்க் கிண்ணம் வைத்து எடுக்கும் இம்மர்ஷன் ஏ-ஸ்கேன்தான் வழி.

பயோமெட்ரித் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கவும். இரு கண்ணின் நீளத்துக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம், அல்லது கே-ரீடிங் (கருவிழி வளைவின் அளவு) சராசரியில் 1 டயாப்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி அளக்கச் சொல்லலாம். கே-ரீடிங்கை மரமரப்புச் சொட்டு விடுவதற்கும், ஏ-ஸ்கேன் தொடுவதற்கும் முன்னால் எடுத்திருக்க வேண்டும்.

டெல்டாவுக்கென்றே இரண்டு சிக்கல் உண்டு. வெயிலிலும் காற்றிலும் உழைக்கிறவர்களுக்கு மூக்குப் பக்கமிருந்து வளரும் கண் சதை கருவிழியை இழுத்து, ஒரு திசையில் கூடவும் மறு திசையில் குறையவும் வளையச் செய்து, சிலிண்டர் பவரை உண்டாக்கும். சதையை முதலில் எடுத்து, கருவிழி அடங்க ஒன்றிரண்டு மாதம் விட்டு, அப்புறம்தான் லென்ஸுக்கு அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்றால் பவர் ஊகம்தான். மற்றது, நெல் தாளோ உமியோ கீறிப் புண்ணாகி ஆறிய தழும்பு. அந்தக் கருவிழியின் மேடுபள்ளம் ஒழுங்கற்றது. அதை ஆஸ்பெரிக்கும் சரிசெய்யாது, டோரிக்கும் சரிசெய்யாது.

ஒழுங்கான சிலிண்டர் ஒன்றேகால் டயாப்டருக்கு மேல் இருந்தால், கையிலிருக்கும் காசை டோரிக்கில் போடுவதே எங்கள் தேர்வு. டோரிக் பெட்டியில் சிலிண்டர் 1.5 என்றிருந்தால் கருவிழி மட்டத்தில் அது சுமார் 1 டயாப்டரைத்தான் திருத்தும். லென்ஸ் ஒரு பாகை திரும்பினால் திருத்தத்தில் 3.3 சதவீதம் போச்சு, 30 பாகை திரும்பினால் முழுதும் போச்சு. படுத்தால் கண் லேசாகச் சுழலும், ஆகவே லென்ஸ் நிற்க வேண்டிய அச்சுக் குறியை உட்கார்ந்த நிலையில் போட வேண்டும். ஆபரேஷனின்போது செலுத்திய ஜெல் லென்ஸுக்குப் பின்னால் தங்கியிருக்கும், அதை முழுதும் உறிஞ்சாமல் விட்டால் லென்ஸ் முதல் நாளே திரும்பிவிடலாம்.

மல்டிஃபோக்கலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒளியைப் பங்கு போடுவதால் கான்ட்ராஸ்ட் குறையும், ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்கு வேண்டவே வேண்டாம். திருபுவனத்துப் பட்டு நெசவாளருக்கும் சுவாமிமலைச் சிற்பிக்கும் இதைவிட மலிவான வழி உண்டு. சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸிலேயே −2 டயாப்டர் மிச்சம் வைத்தால் 50 செ.மீ.யில் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும், தூரத்துக்கு மட்டும் கண்ணாடி. எந்தத் தூரத்தில் வேலை என்பதை அளந்து, ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

காசில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். 1992இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் லென்ஸ் செய்யத் தொடங்கியபின் விலை எளியவர்களுக்கும் எட்டுகிற இடத்துக்கு வந்தது. கடின லென்ஸுக்குச் சுமார் 6 மி.மீ. கீறல் வேண்டும், மடக்கு லென்ஸுக்கு 2.2 முதல் 2.8 போதும். கீறல் பெரிதானால் சிலிண்டர் கொஞ்சம் கூடும், அவ்வளவே. சரியாக அளந்து வைத்த கடின லென்ஸ், தப்பாக அளந்து வைத்த ஆஸ்பெரிக்கைவிட நன்றாகவே தெரியும்.

வைத்த லென்ஸின் பெட்டியில் மாடல், பவர், வரிசை எண், காலாவதித் தேதி உள்ள ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒட்டிய அட்டையையும் பயோமெட்ரித் தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் கண்ணில் எவ்வளவு பவர் தப்பியது என்று தெரிந்தால், அதில் ஏறக்குறைய பாதியை இரண்டாம் கண்ணின் கணக்கில் திருத்திக்கொள்வார்கள். அதற்கு முதல் கண் அடங்கி, கண்ணாடிப் பவர் எடுத்திருக்க வேண்டும், ஒரு மாதமாவது ஆகும்.