கட் ஆஃப் 168: கவுன்சலிங்கா, மேனேஜ்மென்ட் கோட்டாவா, வேறு வழியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு எல்லா வீட்டிலும் கேட்கிற முதல் கேள்வி "எந்த காலேஜ் கிடைக்கும்?" என்பதுதான். "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பது ஒரு மாதம் கழித்து, அப்பாவும் அம்மாவும் மட்டும் தனியாகப் பேசிக்கொள்கிற கேள்வி. தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் சேர்க்கையில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே காலேஜ், ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து பெஞ்ச், ஆனால் ஒருவர் வீட்டில் கட்டியது இரண்டு லட்சம், இன்னொருவர் வீட்டில் அதைப் போல் சில மடங்கு. நடுவில் இருந்தது பத்துப் பதினைந்து மார்க், அல்லது அவசரத்தில் எடுத்த ஒரு முடிவு.

கட் ஆஃப், அதாவது சேர்க்கைக்குப் பார்க்கிற 200-க்கான மார்க், 190-க்கு மேல் வாங்கியவர்களுக்கு இந்த அலசல் வேண்டாம், அவர்கள் கவலை எந்த பிராஞ்ச் என்பதோடு முடிந்துவிடும். 150-க்கும் 180-க்கும் நடுவே நின்று முழிக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நுழைவுத்தேர்வை 2006-ல் சட்டம் போட்டு எடுத்த பிறகு இங்கே பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. தமிழில் 98 வாங்கினாலும் கட் ஆஃபில் ஒரு புள்ளி ஏறாது. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 என்றால் 92 + 44 + 42 = 178. அதே 264 மார்க்கை இடம் மாற்றிப் போடுங்கள்: கணிதம் 84, இயற்பியல் 92, வேதியியல் 88. இப்போது 84 + 46 + 44 = 174. மொத்தம் ஒன்றுதான், நாலு மார்க் காணோம். இந்த நெரிசலான நடுப்பகுதியில் நாலு மார்க் என்பது ரேங்க் பட்டியலில் ஆயிரக்கணக்கான பேரைத் தாண்டுகிற தூரம். அதனால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கிற எண்ணம் இருந்தால் கணிதத் தாளை முதலில் வாங்குங்கள். அங்கே கூடுகிற ஒரு மார்க் அப்படியே ஒரு மார்க், மற்ற இரண்டிலும் அது அரை. சமமாக வந்தாலும் ரேங்கில் முதலில் பார்ப்பது கணிதத்தைத்தான்.

கவுன்சலிங் சீட் எதிர் மேனேஜ்மென்ட் சீட்

இதுதான் பெரிய சண்டை, மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தை, ரேங்க் வரிசைப்படி கவுன்சலிங்கில் நிரப்புகிற அரசு ஒதுக்கீட்டுக்குக் கொடுக்க வேண்டும், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம். மீதியை நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு போட்ட உச்சவரம்புப்படி, கவுன்சலிங் வழியாக வந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச் சான்று (அக்ரெடிடேஷன்) பெற்ற படிப்புக்கு 55,000. மேனேஜ்மென்ட் வழியாக வந்தால் முறையே 85,000, 87,000. நாலு வருஷத்துக்குப் பெருக்கினால் ஒரு பக்கம் 2 லட்சம் முதல் 2.2 லட்சம், இன்னொரு பக்கம் மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. காகிதத்தில் வித்தியாசம் ஒன்றரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. "அவ்வளவுதானா, விரும்பின பிராஞ்சுக்காகக் கொடுத்துடலாமே" என்று தோன்றும்.

அங்கேதான் கவனிக்க வேண்டும். டொனேஷன் வாங்குவதைத் தடை செய்து இந்த மாநிலத்தில் 1992-லேயே சட்டம் இருக்கிறது. இருந்தும் கம்ப்யூட்டர் சயன்ஸ் சீட்டுக்கு என்ன "ரேட்" ஓடுகிறது என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பணத்துக்கு ரசீது வராது. அதுபோக பஸ், ஹாஸ்டல், சீருடை, "பிளேஸ்மென்ட் டிரெயினிங்" என்று தனித்தனித் தாளில் வருகிற தொகைகள் இரண்டு வகை மாணவர்களுக்கும் உண்டு. கவுன்சலிங்கில் வந்தவரும் அதைக் கட்டத்தான் வேண்டும். எனவே ஒரு காலேஜைப் பார்க்கப் போனால் "டியூஷன் ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், "போன வருஷம் முதலாமாண்டுப் பையன் ஒருவன் மொத்தமாக எவ்வளவு கட்டினான்?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதைவிட வாசலில் நிற்கிற ஒரு மாணவரிடம் கேட்டால் பதில் நேராக வரும்.

ஆனால் உண்மையான இழப்பு இந்தத் தொகைகளில் இல்லை, கவுன்சலிங்கை விட்டு வெளியே போகிறபோது கூடவே கைநழுவுகிற சலுகைகளில் இருக்கிறது. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையில் கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது, ஆனால் ஒற்றைச் சாளரத்தில், அதாவது கவுன்சலிங்கில், வந்தவருக்கு மட்டும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதால் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் கடைசி நேரத்தில் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, கவுன்சலிங் சீட்டும் இதுவும் சேர்ந்தால் செலவு பெரும்பாலும் சாப்பாடும் தங்குமிடமும்தான்.

கடனும் இதே கதைதான். கல்விக்கடனில் 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் மெரிட்டில் வந்த சீட்டா, நிர்வாகம் கொடுத்த சீட்டா என்று மேனேஜர் கேட்கிற தொனியே வேறு. 2024-ல் வந்த மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இடமே இல்லை. அதோடு அது நாட்டின் எல்லாக் கல்லூரிகளுக்குமான திட்டமும் இல்லை, தரவரிசையில் வந்த நிறுவனங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, உங்கள் காலேஜ் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். எப்படியானாலும் வங்கி பணம் கொடுப்பது ரசீதுக்கு. ரசீது இல்லாத டொனேஷனுக்கு நகைதான் போகும், அல்லது வட்டிக்காரர்தான் வருவார்.

மேனேஜ்மென்ட் சீட்டு எப்போதுமே தப்பா? இல்லை. வசதி இருந்து, காலேஜும் நிஜமாகவே நல்லதாக இருந்து, கவுன்சலிங்கில் அது எட்டாது என்று போன இரண்டு மூன்று வருஷ கட் ஆஃபைப் பார்த்து உறுதி செய்துகொண்டவர்கள் போகலாம். நிலத்தை விற்றுப் போவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நல்ல காலேஜில் சிவில் எதிர் சுமார் காலேஜில் கம்ப்யூட்டர் சயன்ஸ்

168 மார்க் வைத்துக்கொண்டு, விரும்புகிற காலேஜையும் பிராஞ்சையும் வரிசையாகப் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங் பக்கத்தைத் திறந்தால் உண்மையில் வருகிற கேள்வி இதுதான். அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ சிவில், புரொடக்‌ஷன், டெக்ஸ்டைல் போன்றவை சில சமூகப் பிரிவுகளில் எட்டும் தூரத்தில் வரலாம், தனியாரில் கம்ப்யூட்டர் சயன்ஸும் (சி.எஸ்.இ.) ஏ.ஐ. அண்ட் டேட்டா சயன்ஸும் தாராளமாகக் கிடைக்கும். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவிலும் மெக்கானிக்கலும் 2010 முதல் தமிழ் வழியிலும் நடக்கின்றன, அதை சாய்ஸில் போடவே கூச்சப்படுகிறவர்கள் இருப்பதால் அங்கே கட் ஆஃப் ஆங்கில வழியைவிடக் குறைவாக முடியும்.

நான் நல்ல காலேஜின் சிவிலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, கூட்டமாக ஆள் எடுக்கிற ஐ.டி. கம்பெனிகள் எந்த பிராஞ்ச் என்று பார்க்காமல் எல்லாரையும் தேர்வுக்கு உட்கார வைக்கின்றன, அவர்கள் முதலில் பார்ப்பது எந்த காலேஜுக்குப் போகலாம் என்பதை. கோயம்புத்தூர் ஜி.சி.டி., காரைக்குடி அழகப்பா மாதிரி அரசு இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு வருகிற கம்பெனி, போன வருஷம் பாதி இடம் காலியாகக் கிடந்த ஒரு காலேஜுக்கு வராது, அங்கே பிராஞ்சின் பெயரில் ஏ.ஐ. இருந்தாலும் சரி. நெட்டில் உட்கார்ந்து கோடிங் கற்றுக்கொள்ளலாம், கேம்பஸுக்குக் கம்பெனியை வரவழைக்க முடியாது.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., மதுரை தியாகராஜர் போன்ற உதவி பெறும் கல்லூரிகளின் பட்டியலில் சில பிராஞ்சுகளுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று சின்னதாகப் போட்டிருக்கும். அது அந்தக் கல்லூரியே நடத்துகிற சுயநிதிப் படிப்பு, கட்டணமும் சுயநிதிக் கணக்குதான். "எய்டட் காலேஜ், ஃபீஸ் கம்மி" என்று நினைத்து மேலே வைத்துவிட்டு அப்புறம் சலானைப் பார்த்து அதிர்ந்து போகிறவர்கள் உண்டு. சாய்ஸ் பூட்டுவதற்கு முன் அந்த இரண்டெழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

பிள்ளைக்கு அந்த பிராஞ்ச் அறவே பிடிக்காது என்றால் இந்த வாதம் எல்லாம் செல்லாது. நாலு வருஷம் அரியர் எழுதுகிற செலவைவிட தனியார் ஃபீஸே தேவலை.

அரசுப் பள்ளியில் படித்திருந்தால்

ஆட்டமே வேறு. 2021-ல் கொண்டு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தங்களுக்குள்தான் போட்டி போடுகிறார்கள். சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசுடையது. மற்றவர்கள் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அலைகிற அதே 168 இங்கே பெரிய காலேஜின் வாசலைத் திறக்கும். மேலே மாதம் 1,000 ரூபாய், மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் என்ற திட்டங்களில்.

ஆகவே ஆறாம் வகுப்பில் "இங்கிலீஷ் மீடியம் பிரைவேட்ல போடலாம்" என்று எடுக்கிற முடிவுக்கு ஏழு வருஷம் கழித்து ஒரு விலை இருக்கிறது. உதவி பெறும் பள்ளி மாணவர்கள்தான் இதில் பாவம். ஆயிரம் ரூபாய்த் திட்டங்களில் தமிழ் வழியில் படித்த அவர்களையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள், 7.5-ல் சேர்க்கவில்லை. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கும் இவர்கள் பள்ளிக்கும் வீட்டு வருமானத்தில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நுழைவுத்தேர்வு வழி

இங்கே பிளஸ் டூ மார்க் வெறும் நுழைவுச்சீட்டு. மத்திய அரசுக் கல்லூரியான திருச்சி என்.ஐ.டி.க்கு தேசிய நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. ரேங்க்தான் பேசும், பிளஸ் டூவில் 75 சதவீதம் இருந்தால் போதும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 65. பாதி இடம் நம் மாநிலத்தவருக்கு. ஆண்டுக் கல்விக் கட்டணம் 1.25 லட்சம் என்று பார்த்துப் பயந்து ஒதுங்குகிறார்கள், ஆனால் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் அது முழுத் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை. 3 லட்சம் வருமானக் குடும்பத்துக்கு என்.ஐ.டி.யின் டியூஷன் ஃபீஸ் உள்ளூர் சுயநிதிக் கல்லூரியைவிடக் குறைவு என்பதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ரேங்கும் பணமும் நேரடியாகவே கட்டப்பட்டிருக்கும். வேலூர் வி.ஐ.டி.யில் நுழைவுத்தேர்வு ரேங்க் இறங்க இறங்கக் கட்டணப் பிரிவு ஏறும், ஒரே படிப்புக்குக் கடைசிப் பிரிவில் சேர்கிறவர் முதல் பிரிவைவிட மிக அதிகம் கட்டுவார். ஒளிவுமறைவு இல்லை என்பது நல்லதுதான், ஆனால் கடைசிப் பிரிவில் கிடைத்த சீட்டையும் "வி.ஐ.டி. கிடைச்சிருச்சு" என்று கொண்டாடுவதற்கு முன் நாலால் பெருக்கிப் பாருங்கள்.

மார்க் நிஜமாகவே குறைவு என்றால்

120, 130 என்று இருந்தாலும் கவுன்சலிங்கில் ஏதோ ஒரு பி.இ. சீட் கிடைத்துவிடும், 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, பல இடம் காலிதான். கிடைக்கிறது என்பதற்காகப் போக வேண்டுமா? அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸோ கணிதமோ எடுத்து, அப்புறம் எம்.சி.ஏ. போவது பல மடங்கு மலிவு, படிப்பும் மோசமில்லை. அந்த பி.எஸ்சி. சேர்க்கையின் தரவரிசைக்குத் தமிழ், ஆங்கிலம் நீங்கலான நாலு பாடங்களின் 400 மார்க்கைப் பார்ப்பதால் கணிதத்தில் சறுக்கியவருக்கு அடி கொஞ்சம் குறைவு. பத்தாவதிலேயே தெரிந்துவிட்ட பிள்ளைக்கு அரசு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ, அங்கிருந்து லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு. சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், ஃபீஸ் கட்டப் போவது அவர்கள் இல்லை.

அப்புறம் தேதி. பிளஸ் டூ பரீட்சை முடிவதற்குள்ளேயே "அட்மிஷன் ஓபன் சார், ஐம்பதாயிரம் கட்டி பிளாக் பண்ணிக்குங்க" என்று போன் வரும், நம்முடைய நம்பர் அவர்களுக்கு எப்படிப் போகிறது என்பது சிதம்பர ரகசியம். கவுன்சலிங் சூடு பிடிப்பதோ ஜூலைக்குப் பிறகு. பயத்தில் முன்பணம் கட்டியிருந்தாலும் கவுன்சலிங் விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. குறிப்பிடுகிற கடைசித் தேதிக்குள் சீட்டை எழுத்தில் ரத்து செய்தால், கல்லூரி பிராசசிங் கட்டணமாக 1,000 ரூபாய் வரை மட்டுமே பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் உரிமை கிடையாது. இதைக் கேட்டு வாங்க ரசீது வேண்டும். ரசீது தர மாட்டோம் என்று சொல்கிற இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.