41 உள்வெட்டு: மூன்று வருடமாக ஸ்க்ரோல் சா ஓட்டிய அனுபவம்

ஐந்து புள்ளி, ஐந்து வரிசை. வாசலில் போடுகிற சாதாரண சிக்குக் கோலம்தான். அதையே ஸ்க்ரோல் சா என்கிற மெல்லிய பிளேடு போட்ட மேசை ரம்பத்தில், 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டி எடுக்க வேண்டுமென்றால், கோடு மட்டும் நிற்க, புள்ளியைச் சுற்றிய 25 கட்டமும் அவற்றுக்கு இடையில் விழுகிற 16 கட்டமும் போக வேண்டும். ஆக 41 உள்வெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை போட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி, துளை வழியாகக் கோத்து, மறுபடி மாட்டி, இறுக்கி, வெட்டி, திரும்பக் கழற்ற வேண்டும். ஒரு கோலத்துக்கு 41 முறை.

ஸ்க்ரோல் சா வாங்க நினைக்கிறவர்கள் மோட்டார் எத்தனை வாட், வேகம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் 2021-இல் அதைத்தான் கேட்டேன். மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு சொல்கிறேன், கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இதில் பிளேடை எப்படிப் பிடிக்கிறார்கள், எவ்வளவு சுலபமாகக் கழற்றி மாட்டலாம்? தமிழ் எழுத்து வெட்டுகிறவர்களுக்கும் இதே கேள்விதான். நம் எழுத்தில் சுழி அதிகம். மூடிக்கொள்ளும் ஒவ்வொரு சுழியும் ஓர் உள்வெட்டு. ஒரு வீட்டின் பெயர்ப்பலகைக்கே பத்துப் பதினைந்து தடவை பிளேடைக் கழற்றியிருக்கிறேன்.

இயந்திரம் வாங்குவதற்கு முன் யு வடிவக் கைரம்பத்தில்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். நவராத்திரிக்குக் கொலுப்படியின் பக்கத்தில் வைக்க ஒரு கோலப் பலகை முடிக்க நான்கு வாரம் ஆனது, மணிக்கட்டு வீங்கிவிட்டது. சரி, இயந்திரம் வாங்கிவிடலாம் என்று பாரிமுனைக்குப் போனேன். லிங்கிச் செட்டித் தெருவில் ஸ்க்ரோல் சா என்று கேட்ட இடத்திலெல்லாம் ஜிக்சாவை எடுத்து வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு. ஜிக்சாவில் பலகை நிற்கும், இயந்திரம் நகரும். ஸ்க்ரோல் சாவில் இயந்திரம் மேசையோடு நிற்கும், பலகையை நாம் திருப்புவோம். மேலும் கீழுமாக இரண்டு கைகள், நடுவில் வீணைத் தந்திபோல ஒரு மெல்லிய பிளேடு. அதனால்தான் விரல் நுனி அளவு வளைவில்கூடத் திரும்ப முடிகிறது.

கடைசியில் இணையத்தில்தான் வாங்கினேன். 16 அங்குல வகை, பதினெட்டாயிரத்துச் சொச்சம். 16 அங்குலம் என்பது பிளேடுக்கும் பின்பக்கத் தண்டுக்கும் உள்ள தூரம், சுமார் 406 மில்லிமீட்டர். பலகையைச் சுற்றித் திருப்ப அவ்வளவுதான் இடம். பிளேடு நிமிடத்துக்கு 400 முதல் 1600 முறை வரை மேலும் கீழும் போய்வரும்படி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கிட்டத்தட்ட இதே உடம்பு பல பெயர்களில் விற்கிறது, அதனால் பெயரைவிட உறுப்புகளைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவருகிறேன் என்றால் கவனம்: அங்குள்ளது 120 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பிளேடு இரண்டு வகை. ஒன்றில் இரு முனையிலும் குறுக்கே சின்ன ஊசி இருக்கும், கொக்கியில் மாட்டினால் போதும். மற்றதில் முனை வெறுமையாக இருக்கும், திருகால் இறுக்க வேண்டும். முதலாவது சுலபம்போலத் தெரியும். ஆனால் அந்த ஊசி நுழைய 4, 5 மில்லிமீட்டர் துளை வேண்டும். சிக்குக் கோலத்தின் மூலையில் அவ்வளவு பெரிய துளை போட்டால் கோடே போய்விடும். வெறும் முனைப் பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் துளை தாராளம். சில மலிவான இயந்திரங்கள் ஊசிப் பிளேடை மட்டுமே ஏற்கும். கோலமோ எழுத்தோ வெட்டுகிற எண்ணம் இருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

பெட்டியைப் பிரித்த அன்று ஒரு தவறு செய்தேன். அம்மாவின் பழைய தையல் இயந்திர ஸ்டாண்டில் வைத்து ஓட்டினேன். வேகத்தை ஆயிரத்துக்கு மேல் ஏற்றியதும் ஸ்டாண்டு மொத்தமும் நடுங்கியது, கோடு இரண்டிரண்டாகத் தெரிந்தது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்ப இருந்தேன். எங்கள் வீட்டுக்குக் கதவு வேலை செய்த பாலவாக்கத்து ஆசாரி வந்து பார்த்தார். "ஏம்மா, கால் நிக்கலன்னா கை எப்படி நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, பால்கனியில் கிடந்த பழைய தேக்கு மேசையை இழுத்துப் போட்டார். அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் ரப்பர் விரிப்பு, நான்கு மூலையிலும் போல்ட். அதிர்வு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. கீழ்வீட்டுப் பெரியவரும் அப்புறம் மேலே வந்து கேட்கவில்லை. பின்னங்கால்களுக்கு அடியில் மட்டும் ஓர் அங்குலக் கட்டை கொடுத்து முன்பக்கம் லேசாகச் சாயும்படி வைத்திருக்கிறேன். குனிந்து பார்க்க வேண்டியதில்லை, கழுத்து பிழைத்தது.

அடுத்தது செங்குத்து. மேசையைச் சாய்க்கும் இடத்தில் ஓர் அளவுகோல் ஒட்டியிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். என்னுடையதில் பூஜ்யம் காட்டியபோது மேசை ஏறக்குறைய இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. சின்ன மூலைமட்டத்தைப் பிளேடோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தடிமனான ஒரு கட்டையில் லேசாக ஒரு வெட்டுப் போட்டு, கட்டையைத் திருப்பி, அதே வெட்டைப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய் நுழையுங்கள். இடிக்காமல் நுழைந்தால் மேசை நேராக இருக்கிறது. வெட்டிய துண்டு அதன் குழியில் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே மாதிரி உட்கார வேண்டுமென்றால் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்தே ஆக வேண்டும்.

பிளேடு மாட்டும்போது பல் கீழ்நோக்கி, நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். தடவிப் பார்த்தால் தெரியும். கடைசி சில பற்கள் மேல்நோக்கி இருக்கும் ரகம் ஒன்று உண்டு, ரிவர்ஸ் டூத் என்பார்கள். பலகையின் அடிப்பக்கம் சிலும்பு வராமல் வெட்டுவதற்காக அப்படி. அதை மாட்டும்போது, இயந்திரத்தின் கை மேலே போகையில் அந்தத் தலைகீழ்ப் பற்களில் இரண்டு மூன்று மேசை மட்டத்துக்கு மேலே வர வேண்டும். இல்லையென்றால் அவை மரத்தையே தொடாது. எனக்கு இது தெரிய ஒரு டஜன் பிளேடு ஆனது. இறுக்கத்துக்குக் காதுதான் கருவி. சுண்டினால் மந்தமாக ஒலித்தால் போதாது, தெளிவாகக் கணீரென்று ஒலிக்க வேண்டும். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது.

புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரையும் பயமுறுத்துகிற விஷயம் இது: நேர்கோட்டில் தள்ளினாலும் வெட்டு வலப்பக்கம் ஓடும். இயந்திரத்தில் குறை இல்லை. பிளேடு தயாரிக்கையில் அதில் பல் வெட்டும்போது ஒரு பக்கம் நுண்ணிய பிசிறு தங்கிவிடுகிறது, அந்தப் பக்கம் அதிகம் அரிக்கிறது. பலகையைச் சில டிகிரி திருப்பிப் பிடித்துத் தள்ளினால் கோடு நேராக வரும். ஒரு வாரத்தில் கை தானாகவே அந்தக் கோணத்துக்குப் போய்விடும்.

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது எண் 3, எண் 5 பிளேடு. எண் கூடக் கூடப் பிளேடு பெரிது. 6 மில்லிமீட்டர் பிளைக்கு 3, முக்கால் அங்குலத் தேக்குக்கு 5 அல்லது 7. பல் நன்றாக வெட்டும் காலம் குறைவு. பிளைவுட்டின் பசையே பல்லைத் தின்றுவிடும், அரைமணி நேர வெட்டுக்குப் பிறகு நான் மாற்றிவிடுகிறேன். தள்ள வேண்டியிருக்கிறதா, மரம் கருகுகிறதா, பிளேடின் ஆயுள் முடிந்தது. உடையும்வரை ஓட்டுவது சிக்கனம் இல்லை, நல்ல பலகை ஒன்று வீணாகும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் இன்னும் சீக்கிரம் மழுங்கும். பலகையின்மேல் பெட்டி ஒட்டும் வழுவழுப்பான டேப்பை ஒட்டிவிட்டு வெட்டிப் பாருங்கள், கருகல் வெகுவாகக் குறையும். நான் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் பசைக்குச்சியால் கோலம் வரைந்த தாள், அதற்கும் மேலே பெட்டி டேப் என்று ஒட்டுகிறேன். வெட்டி முடித்ததும் மூன்றும் ஒன்றாக உரிந்து வரும். அக்ரிலிக் வெட்டும்போதும் டேப் வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய இடம் உருகிப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும்.

இனி கடற்காற்று. எங்கள் வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து இரண்டு தெரு. வாங்கிய வருடமே நவம்பர் மழையில் நான்கு நாள் மூடி வைத்துவிட்டுத் திறந்தால், வார்ப்பிரும்பு மேசை முழுக்கப் பழுப்புப் பூ. அழுதுவிடலாம்போல இருந்தது. மெல்லிய உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்து எடுத்தேன். எண்ணெய் தடவி வைத்தால் துருப் பிடிக்காதுதான், ஆனால் அந்த எண்ணெய் அடுத்த பலகையில் கறையாக இறங்கும், வார்னிஷும் பிடிக்காது. கெட்டி மெழுகு தடவி, காய்ந்ததும் துணியால் தேய்த்துவிடுவதுதான் சரி. துருவும் வராது, பலகையும் வழுக்கிக்கொண்டு நகரும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மற்ற நாளில் மாதம் ஒருமுறை தடவுகிறேன். மூடுவதற்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். பழைய பருத்திப் போர்வைதான் போடுகிறேன். பிளேடுகள் கண்ணாடி பாட்டிலில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கின்றன.

பதினாலாவது மாதத்தில் மேல் பிடியின் திருகு மரை தேய்ந்துபோனது. எவ்வளவு இறுக்கினாலும் பிளேடு நழுவியது. ஒரு வருட உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதம். சேவை மையத்தில் திருகு மட்டும் தர மாட்டோம், கை முழுவதையும்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. இது நியாயமே இல்லை. தினமும் நாற்பது முறை திருகுகிற ஓர் உறுப்பு தேயும் என்று அவர்களுக்குத் தெரியாதா? கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் அதே மரையில் கடினமான எஃகில் இரண்டு திருகு கடைந்து வாங்கினேன். அவை இன்றுவரை நிற்கின்றன. இன்னொன்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்: புதுப் பிளேடின் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டினால் பாதி நழுவல் நின்றுவிடும். திருகை அசுரத்தனமாக முறுக்கி மரையைத் தேய்த்ததில் என் பங்கும் இருக்கிறது.

வெட்டும் கோட்டிலிருந்து தூளை ஊதித் தள்ள ஒரு சின்ன ரப்பர்த் துருத்தியும் குழாயும் வரும். துருத்தி இரண்டாம் வருட வெயிலில் வெடித்துவிட்டது. கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய், மீன்தொட்டிக்குக் காற்று விடும் பம்பு ஒன்றும் இரண்டு மீட்டர் குழாயும் வாங்கி வந்து இணைத்தேன். பழைய துருத்தி வேகத்துக்கு ஏற்ப விட்டு விட்டு ஊதும். இது சீராக ஊதுகிறது. வாங்கிய முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். ஊதிய தூள் எங்கே போகும்? மூக்குக்குத்தான். என்95 முகமூடி இல்லாமல் எம்.டி.எஃப். பலகையை, அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையை, வெட்டவே வெட்டாதீர்கள். பால்கனிதானே, காற்று இருக்கிறதே என்று விட்டுவிட்டு ஒரு மாதம் இருமியிருக்கிறேன்.

கையின் பேரிங்குக்கு எண்ணெய்: முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை, அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. இயந்திரத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மூடியைக் கழற்றி, எஸ்.ஏ.இ. 20 எண்ணெயைச் சில சொட்டு விட்டு இரவு முழுக்க ஊற விட வேண்டும். மறுநாள் மறுபக்கம். சோம்பல்பட்டு ஒருமுறை தள்ளிப்போட்டேன், கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. எண்ணெய் விட்ட மறுநாள் நின்றுவிட்டது.

குறை என்று சொன்னால், இடம். இரண்டடி நீளப் பெயர்ப்பலகையை இதில் முழுச் சுற்றுச் சுற்ற முடியாது. எல்லாப் பக்கமும் வெட்டும் முறுக்குப் பிளேடு போட்டுப் பார்த்தேன், பலகையைத் திருப்ப வேண்டியதில்லைதான், ஆனால் ஓரம் சொரசொரவென்று வருகிறது. அரம் போட்டே பாதி நாள் போகும். இப்போது நீளமான பெயரை இரண்டு பலகையாகப் பிரித்து, எழுத்து இடைவெளியில் இணைத்துவிடுகிறேன்.

இந்த நவராத்திரிக்கு ஏழு புள்ளி, ஏழு வரிசை வரைந்து வைத்திருக்கிறேன். 85 உள்வெட்டு. எண் 3 பிளேடு இரண்டு டஜன் வாங்கியாயிற்று, துளை போட்டு முடித்தாயிற்று. நாளைக் காலை மேசைக்கு மெழுகு போட்டுவிட்டு முதல் கட்டத்தை ஆரம்பிக்கிறேன்.