அசெம்பிளியில் அடிப்படைக் கணக்கு: பல காலம் புழங்கியபின் ஒரு மதிப்பீடு

அசெம்பிளியில், அதாவது செயலியின் கட்டளைகளையே ஒவ்வொன்றாக எழுதும் மொழியில், இரண்டு எண்களைக் கூட்ட ஒரே வரி போதும். வந்த விடையைத் திரையில் காட்ட இருபது முப்பது வரி எழுத வேண்டியிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு தெரியாமல் இறங்குபவர்கள் சீக்கிரமே களைத்துப்போகிறார்கள்.

இங்கே பேசப்படுவது 64 பிட் எக்ஸ்86 செயலி, லினக்ஸ், நாஸ்ம் அசெம்பிளர் (எழுதியதைச் செயலியின் மொழிக்கு மாற்றும் நிரல்), ஜிடிபி டீபக்கர் (நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் கருவி) நான்கும் சேர்ந்த அமைப்பு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கூட்டலும் கழித்தலும் விரைவில் கைவந்துவிடும், பெருக்கலுக்குக் கொஞ்சம் கவனம் போதும், வகுத்தல் மட்டும் பழகியவர்களையும் விட்டுவைக்காது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி. ஒவ்வொரு கணக்குக்கும் எத்தனை பிட் அகலம், விடை எந்த ரெஜிஸ்டரில் (செயலிக்குள் எண்ணை வைக்கும் சிறு இடம்) விழும், கொள்ளாமல் மிஞ்சியது எங்கே போகும் என்று எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும். உயர்நிலை மொழிகள் இந்த மூன்றையும் நம் கண்ணில் காட்டாமலே முடித்துவிடுகின்றன.

கூட்டலில் தொடங்கலாம். மூவ் மதிப்பை ஏற்றும் கட்டளை, ஆட் கூட்டும் கட்டளை.

மூவ் ஏஎல், 200
ஆட் ஏஎல், 100

ஏஎல் 8 பிட் ரெஜிஸ்டர், 255க்கு மேல் கொள்ளாது. 300 வரவேண்டிய இடத்தில் 44 நிற்கும். கணக்கின் நிலையைக் குறிக்கும் ஒற்றை பிட்களான ஃபிளாக்குகளில், மிஞ்சியதைச் சொல்லும் கேரி ஃபிளாக் 1 ஆகும். மிஞ்சியது பக்கத்திலிருக்கும் ஏஎச்சுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். சேராது. வேண்டுமென்றால் அடுத்த வரியிலேயே 'ஏடிசி ஏஎச், 0' என்று எழுதிக் கேரியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் ஏஎச் சுத்தமாக இருக்க வேண்டும்.

இப்போது 100ஐயும் 100ஐயும் கூட்டிப் பாருங்கள். கேரி 0, ஆனால் குறியுள்ள விடை அடங்காததைச் சொல்லும் ஓவர்ஃபுளோ ஃபிளாக் 1. எதிர்ம மதிப்புக்கு இடமில்லாத குறியற்ற எண்ணாகப் படித்தால் விடை 200, சரி. எதிர்ம மதிப்புக்கும் இடமுள்ள குறியுள்ள எண்ணாகப் படித்தால் −56, தவறு. முந்தைய கணக்கில் நிலைமை தலைகீழ்: 200இன் பிட் வடிவத்தைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் −56, அதோடு 100ஐக் கூட்டினால் 44, சரிதான், ஆகவே ஓவர்ஃபுளோ 0. உங்கள் எண் எந்த வகை என்பது செயலிக்குத் தெரியாது. இரண்டு ஃபிளாக்குகளையும் கணித்து வைத்துவிட்டு அது தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். குறியற்றதென்றால் ஜேசி (கேரி 1 என்றால் தாவு), குறியுள்ளதென்றால் ஜேஓ (ஓவர்ஃபுளோ 1 என்றால் தாவு) என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. இந்த இரண்டு கூட்டலையும் ஜிடிபியில் ஸ்டெப்ஐ கொடுத்து ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி, ஃபிளாக்குகள் இருக்கும் ஈஃபிளாக்ஸ் ரெஜிஸ்டர் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் எளிது. ஒரு எச்சரிக்கை: ஜிடிபி ஏஎல்லைக் குறியுள்ள எண்ணாகவே காட்டும். 200ஐ ஏற்றிவிட்டு −56ஐப் பார்த்து நிரல் கெட்டுவிட்டதென்று தேட வேண்டாம். பிரிண்ட் கட்டளையோடு சாய்கோடும் யூ என்ற எழுத்தும் சேர்த்தால் 200 தெரியும்.

கழித்தலும் இதே கதைதான், கேரி அங்கே கடனைக் குறிக்கும். சிஎம்பி என்பது விடையைத் தூக்கிப்போட்டுவிடும் கழித்தல். ஏஎல்லில் 200 இருக்க, 100உடன் ஒப்பிட்டு ஜேஏ (குறியற்ற எண்ணாகப் பெரிதென்றால் தாவு) எழுதினால் தாவும். ஜேஜி எழுதினால் தாவாது, ஏனென்றால் அது குறியுள்ள எண்களுக்கானது.

நினைவகத்திலிருந்து எண் எடுக்கும்போது வரும் பிழைகள் இரண்டு வகை. நாஸ்மில் சதுர அடைப்பு இல்லாமல் மாறியின் பெயரை எழுதினால் மதிப்பு வராது, முகவரி வரும். அது பெரிய, அர்த்தமில்லாத எண்ணாக இருப்பதால் சீக்கிரம் பிடிபடும். இரண்டாவது வகை நயவஞ்சகமானது. 5, 7 என்று அடுத்தடுத்து இரண்டு பைட்டுகளை டிபி கொண்டு அறிவித்துவிட்டு, முதலாவதை ஏஎக்ஸில் (ஏஎச்சும் ஏஎல்லும் சேர்ந்த ரெஜிஸ்டர்) ஏற்றினால் 5 வராது, 1797 வரும். 16 பிட் ரெஜிஸ்டர் இரண்டு பைட்டுகளையும் சேர்த்து எடுத்து, 7ஐ மேல் பைட்டாக வைத்துக்கொள்கிறது: 7×256+5. பைட்டை அகலமான ரெஜிஸ்டரில் ஏற்ற மூவ்இசட்எக்ஸ், குறியோடு ஏற்ற மூவ்எஸ்எக்ஸ். இன்னொரு விதியையும் மனத்தில் வைக்க வேண்டும்: ஏஎக்ஸின் 32 பிட் வடிவமான ஈஏஎக்ஸில் எழுதினால், 64 பிட் வடிவமான ஆர்ஏஎக்ஸின் மேல் 32 பிட்டும் பூஜ்ஜியமாகிவிடும், ஏஎக்ஸிலோ ஏஎல்லிலோ எழுதினால் மேலே இருந்த பழைய குப்பை அப்படியே கிடக்கும்.

பெருக்கலில் மல் கட்டளைக்கு ஒரே ஒரு உறுப்பு. மற்றொன்று ஏஎக்ஸ் குடும்பத்தில் இருந்தாக வேண்டும், விடை இரட்டை அகலத்தில் வரும். 16 பிட்டில் 300×300 போட்டால் ஏஎக்ஸில் 24464, டிஎக்ஸில் 1. சேர்த்துப் படித்தால் 65536+24464, அதாவது 90000. ஆகவே டிஎக்ஸில் ஏதாவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால் அது போயிற்று. மேல்பாதி பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் கேரியும் ஓவர்ஃபுளோவும் 1 ஆகும். பூஜ்ஜிய ஃபிளாக்கை மட்டும் மல்லுக்குப் பின் நம்பக் கூடாது, அதன் மதிப்பு வரையறுக்கப்படவில்லை. மல் நேரடி எண்ணையும் ஏற்காது. 'மல் 10' என்று எழுதினால் அசெம்பிளர் மறுத்துவிடும். நடைமுறையில் 'ஐமல் ஈஏஎக்ஸ், ஈசிஎக்ஸ், 10' என்ற மூன்று உறுப்பு வடிவமே வசதி. விடையின் கீழ்பாதி குறியுள்ள, குறியற்ற இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், மேல்பாதி வேண்டாதபோது தயங்காமல் இதையே பயன்படுத்தலாம்.

இனி வகுத்தல். 32 பிட் டிவ் கட்டளை ஈஏஎக்ஸை வகுப்பதில்லை. ஈடிஎக்ஸும் ஈஏஎக்ஸும் ஒட்டிய 64 பிட் எண்ணை வகுக்கிறது. ஈவு ஈஏஎக்ஸில், மீதி ஈடிஎக்ஸில். எனவே 100ஐ 7ஆல் வகுக்கச் சரியான வரிசை இது:

மூவ் ஈஏஎக்ஸ், 100
எக்ஸார் ஈடிஎக்ஸ், ஈடிஎக்ஸ்
மூவ் ஈசிஎக்ஸ், 7
டிவ் ஈசிஎக்ஸ்

ஈவு 14, மீதி 2. ஈடிஎக்ஸைப் பூஜ்ஜியமாக்கும் இரண்டாம் வரியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது ஈடிஎக்ஸில் கிடக்கும் பழைய மதிப்பைப் பொறுத்தது. அது 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈவு 32 பிட்டில் அடங்காது. செயலி வகுத்தல் பிழையை எழுப்பும், லினக்ஸ் நிரலை நிறுத்திவிட்டு 'ஃபுளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்' என்று சொல்லும். தசமப் புள்ளியே இல்லாத நிரலில் இந்தச் செய்தியைப் பார்த்துக் குழம்பாதவர் இல்லை. அந்த வார்த்தைகளை மறந்துவிட்டு, வகுஎண் பூஜ்ஜியமா, ஈவு அடங்கவில்லையா என்று இரண்டை மட்டும் பார்த்தால் போதும். 8 பிட் டிவ்வில் 1000ஐ 3ஆல் வகுத்தாலும் இதே செய்திதான், ஏனென்றால் 333 ஏஎல்லில் அடங்காது.

நிரல் நின்றுபோவது உண்மையில் நல்ல முடிவு. ஈடிஎக்ஸில் 7ஐவிடச் சிறிய எண், உதாரணமாக 3, இருந்துவிட்டால் எந்தப் பிழையும் எழாது. ஈவு 1840700284, மீதி 0 என்று அமைதியாக வரும். சுற்றுக்குள் வகுக்கும்போது முந்தைய மீதி ஈடிஎக்ஸிலேயே தங்குகிறது, அது எப்போதும் வகுஎண்ணைவிடச் சிறியது. அதனால் சுற்றுக்கு வெளியே ஒரு தடவை மட்டும் சுத்தம் செய்தவர்களுக்கு விடை தவறுவது தெரியவே தெரியாது. எக்ஸார் வரி சுற்றுக்கு உள்ளே, டிவ்வை ஒட்டியே இருக்க வேண்டும்.

குறியுள்ள எண்ணுக்கு ஐடிவ், அதற்கு முன் எக்ஸாருக்குப் பதிலாக, ஈஏஎக்ஸின் குறியை ஈடிஎக்ஸ் முழுக்கப் பரப்பும் சிடிக்யூ. 64 பிட் என்றால் சிக்யூஓ. −7ஐ 2ஆல் வகுக்கும்போது பழக்கதோஷத்தில் எக்ஸார் போட்டால் 2147483644 வரும், அதுவும் பிழைச் செய்தி இல்லாமல். சிடிக்யூ போட்டால் ஈவு −3, மீதி −1. இரண்டால்தானே வகுக்கிறோம் என்று எஸ்ஏஆர் கட்டளையால் ஒரு பிட் தள்ளினால் −4 வரும். ஐடிவ் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டுகிறது, எஸ்ஏஆர் கீழ்நோக்கி இறங்குகிறது. 32 பிட்டின் மிகச் சிறிய எண்ணான −2147483648ஐ −1ஆல் வகுத்தாலும் நிரல் விழும், ஏனென்றால் 2147483648 அங்கே அடங்காது.

விடையைத் திரையில் காட்டும் பகுதிக்கு வகுத்தல்தான் முதுகெலும்பு. 10ஆல் திரும்பத் திரும்ப வகுத்து, ஒவ்வொரு மீதியோடும் 0 என்ற எழுத்தின் குறியீட்டெண்ணான 48ஐக் கூட்டி, ஒதுக்கிய இடத்தின் கடைசியிலிருந்து முன்னோக்கி நிரப்பிக்கொண்டே வர வேண்டும். 64 பிட் குறியற்ற எண்ணுக்கு அதிகபட்சம் 20 இலக்கம். வரி முறிவோடு 21 பைட், கழித்தல் குறிக்கு இன்னொன்று. ஈவு பூஜ்ஜியமா என்ற சோதனையைச் சுற்றின் முடிவில் வையுங்கள். தொடக்கத்தில் வைத்தால் விடை 0 ஆக இருக்கும்போது எதுவுமே அச்சாகாது. எதிர்ம எண் என்றால் குறியை நினைவில் வைத்து நெக் (குறியை மாற்றும் கட்டளை) கொடுத்துவிட்டு, ஐடிவ் இல்லாமல் டிவ்வாலேயே வகுக்க வேண்டும். நெக் கொடுத்தாலும் மாறாத அந்த மிகச் சிறிய எண்ணும் அப்போது சரியாக அச்சாகும். திரையில் எழுதச் சொல்லி லினக்ஸைக் கேட்கும் கணினி அழைப்புக்கு ஆர்ஏஎக்ஸில் 1, ஆர்டிஐயில் 1, ஆர்எஸ்ஐயில் முகவரி, ஆர்டிஎக்ஸில் நீளம். இந்த அழைப்பு ஆர்சிஎக்ஸையும் ஆர்11ஐயும் அழித்துவிடும் என்பதால் சுற்று எண்ணிக்கையை ஆர்சிஎக்ஸில் வைத்து உள்ளே அச்சிட்டால் கணக்கு தப்பும். அச்சிடும் தொல்லையே வேண்டாமென்று விடையை வெளியேறும் குறியீடாக அனுப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. சின்ன விடைகளுக்குச் சரி; நிரலை ஓட்டிய ஷெல்லுக்கு (கட்டளை தட்டும் இடம்) அதன் கீழ்ப்பக்க 8 பிட் மட்டுமே வந்து சேரும், 300 அங்கேயும் 44தான்.

உள்ளீடு எதிர்த்திசை. தட்டச்சான 7 என்பது 55 என்ற பைட். 8 என்பது 56. மாற்றாமல் கூட்டினால் 111, திரையில் சின்ன ஓ எழுத்து விழும். ஒவ்வொரு பைட்டிலும் 48ஐக் கழித்து, 9உடன் ஒப்பிட்டு, பெரிதென்று ஜேஏ தாவினால் நிறுத்துங்கள். 48க்குக் கீழே இருந்த வரி முறிவும் கழித்தபின் பெரிய குறியற்ற எண்ணாகிவிடுவதால் இந்த ஒரே சோதனை இரண்டு பக்கத்தையும் பிடிக்கும். தாவாவிட்டால் மட்டும் இதுவரை சேர்ந்ததை 10ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்.

64 பிட்டைத் தாண்டிய எண்களுக்குக் கீழ்ப்பகுதியில் ஆட், மேலே உள்ளவற்றில் ஏடிசி. கழிக்க சப், பிறகு எஸ்பிபி. இரண்டுக்கும் நடுவில் கேரியைத் தொடும் எதுவும் வரக் கூடாது. மூவ், எல்ஈஏ (முகவரியைக் கணக்கிடும் கட்டளை) இரண்டும் ஃபிளாக்குகளைத் தொடாது. ஒன்று கூட்டும் இங்க், ஒன்று கழிக்கும் டெக் கேரியை மட்டும் தொடாது. முகவரியை நகர்த்த 'ஆட் ஆர்எஸ்ஐ, 8' எழுதினால் கேரி அழிந்துபோகும், எல்ஈஏ எழுதினால் பிழைக்கும். சிறிய எண்களில் இந்தப் பிழை வெளிப்படவே வெளிப்படாது. கீழ்ப்பகுதி முழுக்க 1 இருக்கும் எண்ணோடு 1ஐக் கூட்டித்தான் சோதிக்க வேண்டும்.

வேறு செயலிக்கு மாறுபவர்களுக்கு: 8085இலும் 6502இலும் பெருக்கல் கட்டளையே கிடையாது, தள்ளிக் கூட்டித்தான் பெருக்க வேண்டும். ஆர்மில் கழித்தலின்போது கேரியின் பொருள் தலைகீழ். கடன் வாங்காவிட்டால்தான் 1. ரிஸ்க்-வியில் கேரி, ஓவர்ஃபுளோ போன்ற ஃபிளாக்குகளே இல்லை. 64 பிட் ஆர்மில் பூஜ்ஜியத்தால் வகுத்தால் விடை 0, ரிஸ்க்-வியில் எல்லா பிட்டும் 1. இரண்டிலும் நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் வகுஎண்ணை முன்கூட்டியே சோதிக்கும் இரண்டு வரியை அங்கே விட்டுவிட முடியாது.