வேதாளையில் ஓர் இரவு: சோப்பு டப்பா அளவு ஈசிஜி

மாமாவுக்கு வாய்வுப் பிடிப்பு என்றுதான் அத்தை நினைத்தார். இரவு பத்தரை மணிக்கு ஓமத் தண்ணீர் கொடுத்து, நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாமாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பில்கூட வலி தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்பது எங்களில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. வியர்வை மட்டும் பனியனை நனைத்துக்கொண்டே இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். எனக்குச் சின்ன வயதில் ஊசி போட்டவரின் மகன். நோட்டில் பெயர் எழுதிவிட்டுத் திண்ணையில் காத்திருப்போமே, சிவப்பு மிக்சர் பாட்டிலில் அளவுக் காகிதம் ஒட்டித் தருவார்களே, அதே கிளினிக். பத்து நிமிடத்தில் கைலியோடு ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு ஈசிஜி கருவியை எடுத்தார். தைலத்தில் ஒயர் முனைகள் ஒட்டாமல் வழுக்கின. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நெஞ்சை இடம் இடமாகத் துடைத்து மறுபடி ஒட்டினார். "அண்ணே, பேசாதீர்கள், அசையாதீர்கள்." அவருடைய செல்பேசித் திரையில் கோடுகள் ஓடின. இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற வரிசைகளில் கோடு மேடு தட்டி நின்றது. இதயத்தின் அடிப்பக்கச் சுவருக்குப் போகும் ரத்தம் அடைபட்டிருக்கிறது என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர், நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோடு ஓடிவந்தார். டாக்டர் தடுத்துவிட்டார். ஏற்கெனவே ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. அந்த மாத்திரை அதை இன்னும் இறக்கிவிடுமாம். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். கூடவே ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் கொடுக்கும் அதே மூன்று மருந்துகள். ஈசிஜி மதுரையில் உள்ள இதய மருத்துவருக்குப் போய், ஆம்புலன்ஸ் வருவதற்குள் பதிலும் வந்துவிட்டது.

நான் வசிக்கும் லண்டனில் குடும்ப மருத்துவரை நேரில் பார்த்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. காலை எட்டு மணிக்குப் போனில் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். ராத்திரியில் டாக்டர் வீடு தேடி வந்தார் என்று அங்கே சொன்னால் யார் நம்புவார்கள்?

இத்தனையையும் கெடுக்கப் பார்த்தது ராமநாதபுரத்தில் நாங்கள் போன தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசை. செல்பேசியில் ஈசிஜியைக் காட்டினேன். "தாளில் வேண்டும், சார்." புதிதாக எடுங்கள் என்றேன். அதற்கு முதலில் ஃபைல் போட வேண்டுமாம். ஃபைலுக்கு முன்பணம், முன்பணம் கட்ட ஆதார் நகல். ஆதார் வேதாளை வீட்டில் பீரோவுக்குள். மாமா ஸ்ட்ரெச்சரில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சுவர்க் கடிகாரத்தில் 22 நிமிடம் ஓடியது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோயாளி வாசலில் நுழைந்த 30 நிமிடத்துக்குள் போட வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. லண்டனில் ஆம்புலன்ஸ் ஊழியர் வீட்டிலேயே ஈசிஜி எடுத்து, அதை வைத்தே நேராக இதயப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுவார். அங்கே யாரும் தாள் கேட்பதில்லை. நான் கத்திவிட்டேன், அதற்காக வருந்தவில்லை.

எங்கள் டாக்டர் உள்ளே இருந்த மருத்துவருக்கே போன் செய்து பேசிய பிறகுதான் கதவு திறந்தது. ஊசி போட்டார்கள். மாமா பிழைத்துக்கொண்டார்.

ஊரிலிருந்து புறப்படும் முன், அந்த ஈசிஜியை ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி எடுத்து, ஆதார் நகலோடு மஞ்சள் பையில் போட்டு, அத்தையின் கண்ணில் படும்படி கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.