சுங்கை பூலோவா, புக்கிட் தீமாவா, பிடாடாரியா? வலசைக் காலத்துக்கு எது தோது

சிங்கப்பூரில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. எங்கள் புளோக்குக்குக் கீழே நிற்கும் நாட்டு வாதுமை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை இலையெல்லாம் சிவந்து கொட்டும். அதுவும் எந்த மாதம் என்று சொல்லிவைத்துக் கொட்டாது. இங்கே பருவம் மாறுவதை மரம் சொல்லாது, பறவைதான் சொல்லும். வடக்கே குளிர் இறங்கத் தொடங்கினால் ஆகஸ்ட் கடைசியிலிருந்தே ஒவ்வொன்றாக வந்துவிடும்.

அவற்றைப் பார்க்க இரண்டு வருடமாக மூன்று இடங்களுக்கு மாறி மாறிப் போய், கடைசியில் பிடாடாரியில் நின்றுவிட்டேன். நான் பிடாடாரிக்குப் பக்கத்திலிருக்கும் பொத்தோங் பாசிர்வாசி. என் கட்சி சாய்ந்திருப்பது தெரிந்தே படியுங்கள்.

சுங்கை பூலோவுக்கு யாரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை. சதுப்புநிலக் காடு, முதலை, நீர்நாய், உடும்பு எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். கோடியக்கரை போய் வந்தவர்களுக்குப் பவளக்காலியும் உப்புக்கொத்தியும் பழைய சிநேகிதர்கள். ஆனால் அங்கே நம் கடிகாரம் செல்லாது, கடலின் கடிகாரம்தான். கடல் ஏறும்போது வெளியே சேற்றுப்பரப்பு மூழ்கி, பறவைகள் உள்ளே குளங்களுக்கு வந்து பக்கத்திலேயே நிற்கும். வற்றிக் கிடக்கும்போது போனால் தூரத்தில் புள்ளி புள்ளியாக மேய்வதை எண்ணிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். முதல் தடவை அப்படித்தான் எண்ணிவிட்டு வந்தேன். கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்துக்கு நின்ற நேரம் வேறு.

புக்கிட் தீமா உண்மையான காடு. 1854இல் வந்த இயற்கை ஆய்வாளர் வாலஸ் இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்த இடம். செடிகொடி பார்க்க வேண்டுமென்றால் மற்ற இரண்டும் இதன் கால்தூசு பெறாது. பறவைக்குத்தான் கஷ்டம். மரங்கள் அவ்வளவு உயரம். சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்குகள் பின்னாலேயே வரும். நான் போனது மூன்றே முறை, மூன்றும் சனிக்கிழமை, மலையேறுபவர்கள் கூட்டம். வாரநாளில் போகிறவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

இனி பிடாடாரி. பெயரே அழகு: மலாய் மொழியில் தேவகன்னி. வித்யாதரி என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. நம் காப்பியங்களில் வரும் விஞ்சையர் அந்தக் குலம்தான். தேவகன்னி பெயரில் இருந்ததோ கல்லறைத் தோட்டம். 1972இல் அடக்கம் செய்வது நின்று, மரங்கள் பாட்டுக்கு வளர்ந்து காடானது. பிறகு சுற்றிலும் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகள் எழுந்தன; மிச்சமிருந்த பசுமை 2024இல் பூங்காவாகத் திறந்தது. பழைய காட்டைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாய் நடத்துபவர், ஓடுபவர், ஆள் உயரத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவர் எல்லோரும் இருக்கிறார்கள். (லென்ஸ்காரர்கள் கூடி நிற்கும் இடத்துக்குப் போய் நின்றால் தேடும் வேலை மிச்சம். வெட்கப்படாமல் செய்கிறேன்.)

அப்புறம் ஏன் பிடாடாரி? போய்வரும் நேரம், அது ஒன்றுதான் காரணம். வலசை வருவதில் பலவும் இங்கே தங்குவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இளைப்பாறிவிட்டு சுமத்ராவுக்கோ அதற்கு அப்பாலோ கிளம்பிவிடும். நேற்று இருந்த கிளையில் இன்று இருக்காது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் அலைவதைவிட, வேலைக்குக் கிளம்புமுன் நாற்பது நிமிடம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போவதில்தான் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். சுங்கை பூலோவுக்கு எனக்குப் போக வர இரண்டரை மணி நேரம். பிடாடாரிக்கு நடந்தே போகிறேன். மற்றவர்களுக்கு உட்லீ எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே. போன வலசைக் காலத்தில் என் நோட்டில் 23 காலைகள் பிடாடாரி. மற்ற இரண்டும் சேர்ந்து நான்கு.

செப்டம்பரில் சீனா, கொரியா பக்கமிருந்து வரும் மஞ்சள் ஈப்பிடிப்பான் அங்கே தாழ்ந்த கிளையிலேயே உட்காரும். கழுத்துக்கு வேலையில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு நாள், மழை விட்ட காலை, மூங்கில் ஓரத்தில் சருகு தானாகப் புரண்டது. ஓணான் என்று நினைத்தேன். நீல இறகு, மஞ்சள் வயிறு, அடியில் ஒரு சிவப்பு: நீலச்சிறகு பிட்டா, நம்மூர் ஆறுமணிக்குருவியின் பங்காளி. சருகை அலகால் ஒதுக்கி, மண்புழுவை இழுத்து, இரண்டு தத்துத் தத்தி, என்னைப் பார்த்து நின்றது. பைனாகுலரே தேவைப்படவில்லை. இரவில் பறந்து வரும் இந்தச் சாதி கட்டடக் கண்ணாடியில் மோதி அடிக்கடி சாகிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள் இருக்கும் பூங்காவில் அதைப் பார்த்தது சந்தோஷமா கவலையா என்று அப்போதே எனக்குக் குழப்பம். மறுநாள் போனேன், இல்லை.

சுங்கை பூலோவைத் தலைமுழுகிவிடவில்லை. நவம்பரில் கடல் ஏற்றம் காலை ஒன்பதையொட்டி விழும் சனிக்கிழமை ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறேன். பேருந்துக்கு நிற்காமல், டாக்சியில்.