5,80,000 கிலோமீட்டருக்கு அப்புறம்: நல்ல இன்ஜின், கேவலமான ஒரு ஹோஸ்

மாமா பையன் போன வாரம் போன் பண்ணிக் கேட்டான். "மச்சான், உங்ககிட்ட இருக்கிற பத்து வீல் லாரி மாடலே செகண்ட்ஸ்ல ஒண்ணு வந்திருக்குங்க, விலையும் இறங்கியிருக்கு, எடுக்கலாங்களா?" எடு, எடுக்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. இந்த வண்டி எனக்குச் சோறும் போட்டிருக்கிறது, ஒரு மூன்று மாசம் தூக்கத்தையும் கெடுத்திருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

2018 மாடல், பிஎஸ் 4 (புகைக் கட்டுப்பாட்டு விதி), ஆறு சிலிண்டர். ஓடியது 5 லட்சத்து 80 ஆயிரம். இன்ஜினை இன்னும் பிரிக்கவில்லை. ஆயில் குறைவதில்லை, காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஹவுசிங் எதிலும் பெரிய செலவு வைக்கவில்லை. லோடோடு லிட்டருக்கு 4 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி. நாமக்கல்லில் என்னோடு சேர்ந்து வேறு வண்டி எடுத்தவர்கள் இதற்குள் இரண்டு முறை இன்ஜின் வேலை பார்த்துவிட்டார்கள், அது உண்மை.

சரி, தொந்தரவுக்கு வருகிறேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனேக்குப் போகிற வண்டி. தொப்பூர் மேட்டில் நாலாவது கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறும். ஒரு ட்ரிப்பில் டிரைவர் தம்பி மேட்டிலிருந்தே கூப்பிட்டான்: "அண்ணா, வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க, ரெண்டாவது கியருக்கு வந்துட்டேன், மூச்சு வாங்குது." காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. சமதளத்திலும் ஓடிவிடும். லோடு, மேடு இரண்டும் சேர்ந்தால்தான் படுத்துவிடும். மைலேஜ் 3.4க்கு இறங்கியது. டேஷ்போர்டில் ஒரு லைட்டும் எரியவில்லை.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியாக இருந்தால் கரும்புகையே காட்டிக்கொடுத்திருக்கும். காற்று குறைந்தாலும் பம்ப் டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், புகை அள்ளும். இந்த வண்டியில் உள்ளே வருகிற காற்றின் அழுத்தத்தைச் சென்சார் பார்க்கிறது, அது குறைந்தால் கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துவிடும். அதனால் புகை லேசாகத்தான் வரும், இழுவை மட்டும் போய்விடும். இது தெரியாததால் டீசல் ஃபில்டர் மாற்றினோம், டேங்க் கழுவினோம், இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினோம். எல்லாம் தண்டம்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். முதலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார்கள். அதில் என்ன தெரியும்? டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி, அது கூடுதலாகத் தருகிற அழுத்தம்தான் பூஸ்ட். அது சுற்றுவது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில், இன்ஜின் பாரம் இழுத்தால்தான் அந்த வேகம் வரும். நான் சண்டை போட்டு, லோடோடு பைபாஸில் ஓட்டிப் பார்க்க வைத்தேன். ஸ்கேனர் காற்றழுத்தம் 1.6 பார் என்று காட்டியது. "மேனுவல்ல பூஸ்ட் 1.5 போட்டிருக்குங்க, உங்க வண்டி 1.6 காட்டுது, நல்லாத்தானே இருக்கு?" என்றார் அங்கிருந்தவர். நானும் நம்பி வந்துவிட்டேன்.

அந்த 1.6 பூஸ்ட் இல்லை. சென்சார் காட்டுவது மொத்த அழுத்தம். வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 1 பார் அதிலேயே சேர்ந்திருக்கிறது. சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள், நம்ம ஊரில் 1க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே 0.9 பக்கம் காட்டும். அந்த எண்ணைக் கழித்தால் மிச்சம்தான் டர்போ கொடுப்பது. அப்படியென்றால் என் வண்டியில் பூஸ்ட் 0.6தான், வரவேண்டியதில் பாதிகூட இல்லை. இந்த ஒரு கழித்தலை அன்றைக்கு அந்த இடத்தில் யாராவது செய்திருந்தால் என் பணம் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் வெளிப் பட்டறை. ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு "டர்போ போச்சு" என்றார்கள். டர்போ ஷாஃப்ட் ஆயில் படலத்தில் மிதந்துதான் சுற்றும், பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆடினாலோ, பிளேடு ஹவுசிங்கில் உரசியிருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். புது டர்போ 48,000 ரூபாய், மாட்டுகிற கூலி தனி. அதை மாட்டியும் தொப்பூர் மேட்டில் அதே இரண்டாவது கியர். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்லை, டியூ கட்டுகிற வாரம் வேறு.

கடைசியில் கண்டுபிடித்தது பஞ்சர் கடைக்காரர், அவர் முன்னாடி லாரி டிரைவராக இருந்தவர். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, டர்போ வாயில் ஒரு கெட்டியான மூடியைப் போட்டு கிளாம்ப் இறுக்கினார். மூடியில் டியூப் வால்வு பொருத்தியிருந்தார். அது வழியாக மெதுவாக 20 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றினார். (யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் மூடிக்கு நேரே நிற்காதீர்கள், பிடுங்கிக்கொண்டு வந்தால் பல் போய்விடும்.) இன்ஜின் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று எப்படியும் போகும், அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏமாறக் கூடாது. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயின்ட்டாக ஊற்றிக்கொண்டே வந்தார். இன்டர்கூலரிலிருந்து (டர்போ தள்ளுகிற சூடான காற்றை ஆற வைக்கிற ரேடியேட்டர் மாதிரி சாமான்) இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் வெள்ளை நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

காற்றை இறக்கி ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. விரலை உள்ளே விட்டு வெளிப்பக்கமாக அழுத்தியபோதுதான் திறந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். அழுத்தம் இல்லாதபோது வாயை மூடிக்கொள்கிறது, லோடில் ஹோஸ் விறைத்தால் திறந்துகொள்கிறது. ஹோஸ் பக்கத்திலேயே ஒரு பிராக்கெட் இருக்கிறது, அதன் ஓரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. இத்தனை வருஷமும் இன்ஜின் அதிர அதிர அந்த ரப்பரை அது அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே படிகிற ஆயில் வேறு ரப்பரை ஊற வைத்துவிடுகிறது. ஹோஸ் விலை 1,450 ரூபாய்.

மாற்றி ஓட்டியதும் பழைய இழுவை அப்படியே வந்தது, நாலாவது கியரில் ஏறியது. தம்பி போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வாரமே மெக்கானிக்கல் பூஸ்ட் கேஜ் ஒன்று வாங்கி மாட்டினேன், 2,200 ரூபாய். இந்த வண்டியில் நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான். மேட்டில் 1.5 தொடுகிறதா என்று தம்பி பார்க்கிறான், 1.2க்கு வந்தாலே எனக்குப் போன் வந்துவிடும்.

ஆனால் கம்பெனி அதே ஹோஸைத்தான் இன்றைக்கும் விற்கிறது, அந்த பிராக்கெட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பிராக்கெட்டில் ரப்பர் பட்டை சுற்றி, ஸ்பிரிங் கிளாம்ப் போட்டும் எனக்கு 80,000 கிலோமீட்டரில் இரண்டாவது ஹோஸும் கீறியது. கீறலோடு ஓட்டினால் டர்போ அழுத்தத்தை எட்ட முடியாமல் இன்னும் வேகமாகச் சுற்றும். சாதாரணமாகவே நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுப் பக்கம் போகிற சாமான் அது. ஒரு விரக்கடை தள்ளி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம், இத்தனை வருஷமாக யாருக்கும் அதைச் செய்யத் தோன்றவில்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

இவ்வளவு நல்ல இன்ஜின் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை, சத்தியமாக. இருந்தாலும் மாப்ள, எடுக்காதே. அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய் என்றால் சனிக்கிழமை வண்டியை லோடோடு கொண்டு வா, கேஜை மாட்டி தொப்பூர் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம். ஹோஸை நானே கழற்றிப் பார்க்கிறேன்.